பர்ச்சுவுக்கு முன் இடித்த சுவர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். மேடையில் பேச எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். சிமெண்டுக்கு எவ்வளவு மணல் என்று இதில் எழுதப் போவதில்லை. அது மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. வீடு புதுப்பிக்கும் வேலையில் கலவையால் கெட்ட வீடுகளைவிட, யோசிக்காமல் சொன்ன 'சரி'யால் கெட்ட வீடுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரே ஒரு சுவரைப் பற்றிச் சொல்கிறேன். அதைக் கட்டியதும் நாங்கள், இடித்ததும் நாங்கள்.

சுதந்திரம் கிடைத்த கையோடு மலாக்காவில் எல்லாருக்கும் வீட்டைப் புதுப்பிக்கும் ஆசை வந்துவிட்டது. கொடி மாறினால் கூரையும் மாறவேண்டும் என்று யார் சொல்லி வைத்தார்களோ தெரியவில்லை. அத்தாப்பு ஓலைக் கூரை போய்த் தகரம் வந்தது. வெயில் காலத்தில் உள்ளே உட்கார முடியவில்லை என்றாலும், தூரத்தில் இருந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது. செமாபோக்கில் ஒருவர் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைக்கச் சொன்னார், வைத்தோம். உள்ளே நடப்பதைத் தெருவே நின்று பார்க்கிறது என்று மறுவாரமே கெட்டியான திரை போடச் சொன்னார், அதையும் போட்டோம். இரண்டுமே வேலைதான் என்றார் எங்கள் முதலாளி.

நான் அப்போது அவரிடம் மண்டோர். முதலாளிக்கும் வேலையாட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். முதலாளிக்கு ஒரு கொள்கை இருந்தது. வேலை கொடுத்தவர் யாரோ அவர் பேச்சை மட்டும் கேட்கவேண்டும். அவருடைய மனைவி, மாமனார், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோருக்கு வணக்கம் சொன்னால் போதும். எல்லார் பேச்சையும் கேட்டால் எந்த வீடும் முடியாது என்பார். நல்ல கொள்கைதான். நீங்களும் பெரும்பாலான நாட்களில் அப்படியே செய்யுங்கள். நான் சொல்ல வந்தது மிச்ச நாட்களைப் பற்றி.

காஜா பெராங்கில் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு வீடு. செட்டிகள் என்றதும் வட்டிக்கடை நினைப்பு வரவேண்டாம், இவர்கள் வேறு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து மலாக்காவோடு கலந்துவிட்டவர்கள். கோயில், விபூதி, பொங்கல் எல்லாம் நம்மைப் போல. பேச்சு மட்டும் மலாய், அதில் அங்கங்கே ஒரு தமிழ்ச் சொல். அந்த வீட்டுக்காரர்கள் என்னிடம் மலாயில் பேசியதைத்தான் இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

வேலை கொடுத்தவர் நடேசன். அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறிப் போனதும் அவருடைய நாற்காலி இவருக்குக் கிடைத்திருந்தது. நாற்காலிக்குத் தகுந்த வீடு வேண்டும் என்று நினைத்தார். அதில் தப்பில்லை. வீட்டில் அவர், அவர் மனைவி, அவருடைய அப்பா. அம்மா அதற்கு முந்தின ஆண்டு தவறிப்போயிருந்தார்.

வீட்டின் வாசல் கோயில் பக்கத்துக் குறுகிய சந்தைப் பார்த்து இருந்தது. அந்தச் சந்தில் சைக்கிள் போகும், கார் போகாது. பின்பக்கம் முன்பு முட்புதராகக் கிடந்த இடத்தில் இப்போது புதிதாகத் தார் ரோடு போட்டிருந்தார்கள். வீட்டைத் திருப்பிவிட வேண்டும் என்றார் நடேசன். அதாவது, ரோட்டுப் பக்கம் பெரிய வாசல் வைத்து, சந்துப் பக்கத்து வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது. ரோட்டைப் பார்த்த வீட்டுக்கு மதிப்பு அதிகம், அடைத்த சுவரை ஒட்டி சோபா போடலாம், கூடம் பெரிதாகத் தெரியும். மூன்றும் உண்மை. நானே இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பெரியவரிடம் கேட்டாரா என்றால், கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "போலே" என்றார் பெரியவர். ஆகட்டும் என்று அர்த்தம். மனைவி போன பிறகு அவர் மகனுக்குச் சொல்லும் ஒரே பதில் அதுதான் என்று பிறகு தெரிந்தது. சோறு போடவா என்றால் போலே. விளக்கை அணைக்கவா என்றால் போலே. அப்படிப்பட்டவருடைய 'போலே'யை வைத்து ஒரு வாசலை அடைக்கலாமா என்று யோசிக்கவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

சுவரைக் கட்டியவர் வேலு அண்ணன். எங்கள் கொத்தனார்களில் கை சுத்தமானவர், வாய் அப்படியில்லை. பழைய கதவையும் நிலையையும் கழற்றிச் சமையல்கட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்தோம். மேலே சுவரைத் தாங்கும் கட்டையை மட்டும் எடுக்கவில்லை, எடுத்தால் மேல்சுவர் தலையில் விழும். அதற்குக் கீழே செங்கல் வைத்து, பூசி, வெள்ளையடித்து முடித்தார். எங்கே வாசல் இருந்தது என்று தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. வேலு அண்ணனே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கன்னத்துல கன்னத்த வச்சிக்கலாம் போல இருக்குலா" என்றார். தன் வேலையைப் பற்றி அவர் சொன்ன மிகவும் அடக்கமான பேச்சு இது.

சுவர் கட்டின மறுநாளிலிருந்து பெரியவர் ஒரு வேலை செய்ய ஆரம்பித்தார். காலையில் புது வாசல் வழியாக ரோட்டில் இறங்குவார். வீட்டைச் சுற்றிக்கொண்டு சந்துக்கு வருவார். அடைத்த இடத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு வந்த வழியே திரும்பிப் போவார். எங்களைப் பார்த்தால் சிரிப்பார், கோப்பி குடித்தீர்களா என்று கேட்பார்.

"கெழவருக்கு வெயில் தலைக்கு ஏறிருச்சி மண்டோரே" என்றார் வேலு அண்ணன்.

"உங்க செவுத்த ரசிக்கிறாரு" என்றேன் நான். வேலு அண்ணன் அதை நம்பினார். நானும் பாதி நம்பினேன்.

பொங்கலுக்கு முதல் நாள் மிச்சமிருந்த சில்லறை வேலைகளை முடிக்க நானும் வேலு அண்ணனும் போனோம். தாழ்ப்பாள் ஒன்று சரியாக உட்காரவில்லை, ஒரு ஜன்னல் ஓரம் சாயம் பூசவேண்டும், அவ்வளவுதான். வீடு முழுக்க சமையல் வாசம். நடேசனின் மனைவியும் இரண்டு உறவுக்காரப் பெண்களும் சமையல்கட்டில் மும்முரமாக இருந்தார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டுப் பர்ச்சு. செத்துப்போன தங்கள் மனிதர்களை வீட்டுக்கு அழைத்து, வாழை இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் வீட்டுப் பெரியவர் வாசலுக்குப் போய் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, உள்ளே வாங்க, சாப்பிட வாங்க என்று கூப்பிடவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

நான் தாழ்ப்பாளை முடுக்கிக்கொண்டு இருந்தபோது பெரியவர் வந்து பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, அந்தச் சுவத்துல எங்கியாவது ஒரு இடுக்கு விட்டிருக்கீங்களா? சின்னதா இருந்தாலும் பரவால்ல."

"இல்ல பாக்சிக். காத்துகூடப் போகாது" என்றேன் பெருமையாக. மாமா என்று கூப்பிடுகிற மாதிரிதான் பாக்சிக்.

அவர் தலையை ஆட்டினார். போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை.

"இந்த வருஷந்தான் அவளுக்கு மொத எலை போடுறோம்" என்றார். மனைவியைச் சொல்கிறார் என்று புரிந்தது. "அவள அந்த வாசல் வழியாத்தான் தூக்கிட்டுப் போனாங்க. கல்யாணம் ஆகி வந்ததும் அந்த வாசல்லதான். இந்த ரோட்டுப் பக்கம் அவளுக்குத் தெரியாது தம்பி. அப்ப இங்க ரோடே இல்ல, முள்ளுக்காடு. பாம்புக்குப் பயந்துகிட்டு அவ இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்தது இல்ல."

"மகன்கிட்ட சொன்னீங்களா பாக்சிக்?"

"நேத்துச் சொன்னேன். எந்த வாசல்ல கூப்பிட்டாலும் வருவாங்கன்னு சொல்றான். இவன் என்னமோ செத்துப் போய்ப் பாத்துட்டு வந்தவன் மாதிரி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போலேன்னேன்."

பிறகு சுவரைப் பார்த்தபடி அவர் சொன்னது இது: "மத்தவங்க எல்லாம் பழைய ஆளுங்க, விசாரிச்சிகிட்டு வந்துருவாங்க. அவ புதுசு. சந்துல வந்து நிப்பா. சுவரத்தான் பாப்பா. நம்மள வேணாம்னுட்டாங்கன்னு நெனச்சிட்டுத் திரும்பிப் போயிருவா."

செத்தவர்கள் வருகிறார்களா என்பது எனக்குத் தெரியாது, அது என் தொழிலும் இல்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் இந்த மனுஷன் ஒரு வாசலில் நின்று கூப்பிடவேண்டும். தன் மனைவி வேறொரு வாசலுக்கு வெளியே நிற்கிறாள் என்ற நினைப்போடு கூப்பிடுவார். சாகும்வரை அந்த நினைப்பு போகாது. வெளியே நிற்பதற்குக் காரணமான சுவரை நாங்கள்தான் கட்டியிருக்கிறோம். கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொள்ளலாம், அத்தனை வழவழப்பு.

இந்த இடத்தில் உங்களில் சிலர் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நேரே மகனிடம் போய் நியாயம் பேசுவீர்கள். கம்ப்யூட்டரில் வீட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டுவீர்கள். நான் அப்படிப் போகாததற்குக் காரணம் இருக்கிறது. நடேசன் கெட்டவர் இல்லை. மறுநாள் பொங்கலுக்கு அவருடைய மேலதிகாரியும் அலுவலகத்துக்காரர்களும் முதல் தடவையாக வீட்டுக்குத் தேநீர் குடிக்க வருகிறார்கள். புது சோபாவை அந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டிருந்தார். முந்தின நாள்தான் அப்பாவிடம் முடியாது என்று சொன்ன மகன், கூலிக்கு வந்த மண்டோர் கேட்டதும் சரி என்று சொன்னால் அப்பாவுக்கு என்ன மரியாதை, அவருக்குத்தான் என்ன மரியாதை? நியாயம் பேசினால் யாராவது ஒருவர் தோற்கவேண்டும். ஆனால் வேலை மோசம் என்று ஆகிவிட்டால் எங்களைத் தவிர வேறு யாரும் தோற்கவேண்டியதில்லை.

யோசிக்க நேரமும் இல்லை. சுவரை இடிக்க முடியும் என்று எனக்குத் தெரியும். தாங்குகட்டை மேலேயே இருக்கிறது, பூச்சு இன்னும் முழுசாக இறுகவில்லை. ஆனால் வெயில் இறங்க ஆரம்பித்துவிட்டது.

கூடத்தில் நடேசன் சோபாவை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நகர்த்திக்கொண்டு இருந்தார். நான் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் வேலு அண்ணன் சாயக் கிண்ணத்தோடு வந்தார்.

"சார், இந்தச் செவுத்துல வெடிப்பு. இடிக்கணும்" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். கிட்டே போய் உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினார்.

"எங்க வெடிப்பு?"

"இப்ப இல்ல சார். வரும்."

"எப்ப வரும்?"

"இன்னிக்குச் சாயங்காலம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால், வாசற்கால் பக்கமாக நின்றிருந்த அப்பாவைப் பார்த்தார். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்க" என்றார் நடேசன்.

"தெரியும் சார்."

"யார் தப்பு இது?"

"எங்க தப்புதான். கொத்தனார் சரியாக் கட்டல."

என் முதுகுக்குப் பின்னால் சாயக் கிண்ணம் தரையில் இறங்குகிற சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த வரையில் வேலு அண்ணன் வாயை மூடிக்கொண்டு நின்றது அந்த ஒரு தடவைதான். அதற்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நடேசன், "அப்ப இடிங்க. உங்க தப்ப நான் ஏன் வீட்டுல வச்சிக்கணும்" என்றார். சொல்லிவிட்டு உடை மாற்ற உள்ளே போனார். போகும்போது சோபாவை அவரே இழுத்து நகர்த்திவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் வேலு அண்ணன் பிடித்துக்கொண்டார். "மண்டோரே, நா கட்டுன செவுருல வெடிப்பா? இத்தன வருஷத்துல ஒரு வெடிப்பு காட்டுலா, நா கரண்டிய ஆத்துல போட்டுடறேன்!"

பெரியவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினார். "அத மொதல்ல சொல்ல வேணாமா? சம்மட்டி எங்க?" என்றார். இடிக்கும்போதும் விடவில்லை. ஒவ்வொரு அடிக்கும், "பாரு, எப்பிடி நிக்கிது பாரு, இதுல வெடிப்பாம்" என்று சொல்லிக்கொண்டேதான் இடித்தார். உண்மையில் அந்தச் சுவர் லேசில் விழவில்லை. மோசமான கொத்தனாராக இருந்திருந்தால் எங்களுக்கு நேரம் மிச்சமாகியிருக்கும்.

முடிவைச் சொல்வதற்கு முன்னால், பிறகு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உங்களில் சிலர் அதைத்தான் கேட்பீர்கள். மறுநாள் தேநீருக்கு வந்தவர்கள் அந்த உடைந்த ஓட்டையைப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். நடேசனின் மனைவி அதன் மேல் ஒரு பூப்போட்ட பாத்தேக் துணியை அழகாகத் தொங்கவிட்டிருந்தாராம். சந்துப் பக்கத்திலிருந்து ரோட்டுப் பக்கத்துக்குக் காற்று நேராக ஓடியதில், தகரக் கூரைக்குக் கீழே வியர்க்காமல் உட்கார முடிந்த ஒரே கூடம் அந்த வட்டாரத்தில் அதுதான். எதிரெதிராக வாசல் வைக்கிற யோசனை யாருடையது என்று மேலதிகாரி கேட்டாராம். அப்பாவுடையது என்று நடேசன் சொன்னாராம். பொங்கல் கழிந்து நாங்கள் போய்ப் பழைய நிலையையும் கதவையும் அதே இடத்தில் மாட்டிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு நான் செய்த எந்த வீட்டிலும், காற்று வருகிற பழைய வாசலை அடைக்கச் சொன்னால் ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் செங்கலை இறக்கினேன். முதலாளி விஷயம் தெரிந்து ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. வேலையை விட்டு நிறுத்தவில்லை. வேறு மண்டோர் கிடைக்காததுதான் காரணம் என்று அவரே சொன்னார்.

நான் உங்களிடம் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வீட்டின் மதிப்பைக் கூட்டுகிறவர் ஒருவராக இருப்பார், அதில் வாழ்கிறவர் வேறொருவராக இருப்பார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள். நடுவில் நின்று நம் பெயரைக் கொஞ்சம் கெடுத்துக்கொண்டால் அவர்கள் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துக்கொள்ள முடியும் என்றால், கெடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பெயரை அடுத்த வீட்டில் சம்பாதித்துக்கொள்ளலாம்.

அன்றைக்குச் சாயங்காலம் ஓட்டை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. ஓரங்களைச் சீர்படுத்த நேரமில்லை. செங்கல் பல்லிளித்துக்கொண்டு நின்றது. உள்ளே வாழை இலைகள் வரிசையாகப் போட்டு, குத்துவிளக்கை ஏற்றிவிட்டார்கள். நானும் வேலு அண்ணனும் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு சந்தில் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.

பெரியவர் குளித்து வெள்ளை உடுத்திக்கொண்டு ஓட்டைக்கு வந்தார். சந்தைப் பார்த்து நின்று கும்பிட்டார். முதலில் தன் தாத்தா, பாட்டி, பிறகு அப்பா, அம்மா, ஒரு தம்பி. ஒவ்வொரு பெயராகச் சொல்லி, "மாரி மாசோக்" என்று கூப்பிட்டார், உள்ளே வாங்க என்று. குரல் நன்றாகத்தான் வந்தது. அடுத்தது மனைவியின் பெயர். வாயைத் திறந்தார், நின்றுவிட்டார்.

அவருக்குப் பின்னால் நடேசன் நின்றிருந்தார். அலுவலகக் கால்சட்டையை மாற்றி வேட்டி கட்டியிருந்தார். "அப்பா, இருங்க" என்றார். அவரை மெல்ல விலக்கிவிட்டு முன்னால் வந்து, படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உடைந்த செங்கல் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி மடியில் போட ஆரம்பித்தார். செங்கல் தூளில் வேட்டி சிவந்துகொண்டே வந்தது. பெருக்க விளக்குமாறு தருகிறேன் என்று நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அவர் நிமிராமலே வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஒரு சின்னச் சில்லைக்கூட விடாமல், இருட்டில் படியைத் தடவித் தடவிப் பொறுக்கினார்.

"அம்மா செருப்பு போட மாட்டாங்க" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

படி சுத்தமானதும் எழுந்து அப்பாவுக்கு வழி விட்டார். பெரியவர் முன்னால் வந்து நின்று, அதற்குப் பிறகுதான் கூப்பிட்டார்.